டாக்டர் தம்பி, கொஞ்சம் குந்து

வாடா டாக்டர் தம்பி, இப்படிக் குந்து. படிச்சு முடிச்ச சர்டிபிகேட்டுல மை இன்னும் காயல, அதுக்குள்ள பஸ் டிப்போ எதிர்ல உன் மூஞ்சி ஃபிளெக்ஸ்ல சிரிக்குது. கழுத்துல ஸ்டெதாஸ்கோப்பு, தோள்ல கட்சித் துண்டு. ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்காம பாத்துக்கோ.

மந்திரி ஆவணும்ன்ற. பேஷா ஆவு. உனக்கு முன்னாடி அந்த வழியில போனவரு ஹண்டே, எச்.வி.ஹண்டே. 1927ல பொறந்தவரு, ஷெனாய் நகர்ல ஆஸ்பத்திரி. ராஜாஜியோட சுதந்திராக் கட்சியில நின்னு 1967லயும் 1971லயும் பார்க் டவுன்ல ஜெயிச்சாரு. அப்புறம் நம்ம வாத்தியார் எம்.ஜி.ஆர். கட்சிக்கு வந்தாரு. 1980ல அண்ணா நகர்ல கலைஞரையே எதிர்த்து நின்னாரு பாரு, 699 ஓட்டுல போச்சு! இப்ப நம்ம ஐயப்பன்தாங்கல்ல ரெண்டு அபார்ட்மெண்டுக்காரங்க லீவு நாள்னு படுக்காம கீழ இறங்கி வந்தா அந்தக் கணக்கு முடிஞ்சிடும். அவங்க எங்க இறங்குறாங்க!

தோத்தவரு வீட்டுக்குப் போனாருன்னு நினைக்கிறியா? சுகாதார மந்திரி ஆனாரு. அப்ப மேலவைன்னு ஒரு கொல்லைப்புற வாசல் இருந்துச்சு. 1986ல அதையும் அடைச்சுட்டாங்க. நீ தெருவாசல்லதான் நுழையணும், ஓட்டைக் கையில வாங்கிக்கினு.

1984 அக்டோபர்ல வாத்தியாரை அப்போலோவுல சேர்த்தாங்க. அவரு வீடு ராமாவரம் தோட்டம் இதே மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டு மேலதானே, இந்தப் பக்கத்து சனம் பாதி ஆஸ்பத்திரி வாசல்லதான் கிடந்தது. ஹண்டே தினமும் பத்திரிகைக்காரங்க முன்னாடி நின்னு உடம்பு நிலவரம் சொல்லுவாரு. கிட்னின்னா கசாப்புக் கடையில தொங்குறது மட்டும்தான் தெரிஞ்ச நாங்க, டயாலிசிஸ் பத்தி டீக்கடையில தர்க்கம் பண்ணோம். உன் மருந்துச் சீட்டை மெடிக்கல்காரனே தலைகீழாப் பிடிச்சுப் படிக்கிறான். அவரு சொன்னது வண்டிக்காரனுக்கும் விளங்குச்சு.

அப்புறம் அமெரிக்காவுக்குக் கொண்டுபோயி அங்க மாத்துக் கிட்னி வச்சாங்க. தலைவரு புரூக்ளின் ஆஸ்பத்திரியில படுத்துக்கினே ஆண்டிப்பட்டியில ஜெயிச்சாரு. கத்தி பிடிச்ச டாக்டர் பேரு இந்த ரோட்டுல எவனுக்காச்சும் தெரியுமா? வாசல்ல நின்னு நிலவரம் சொன்னவர் பேரு குழந்தைக்கும் தெரியும். மந்திரி உத்தியோகம்னா அதான்டா. ஊசி போடறது வேற ஆளு, நீ மைக் முன்னாடி நிக்கிற ஆளு. ஊசி போட ஆசையிருந்தா துண்டைக் கழட்டிடு.

நல்ல சேதி மட்டுமே சொல்லிக்கினு இருக்கலாம்னும் பாக்காத. 1986ல சுனிதி சாலமன்ற டாக்டரம்மாகிட்ட படிச்ச நிர்மலான்னு ஒரு பொண்ணு, மயிலாப்பூர் ரிமாண்ட் ஹோம்ல ரத்தம் எடுத்து, வைக்க இடமில்லாம வீட்டு ஃபிரிட்ஜுல வச்சுது. வேலூர் சி.எம்.சி.யில சோதிச்சா ஆறு பேருக்கு எச்.ஐ.வி. நாட்டுலயே மொத தடவை. எய்ட்ஸ் வெள்ளைக்காரன் வியாதின்னு நம்பிக்கினு இருந்த ஊருக்கு, அதை மே மாசம் சட்டசபையில எழுந்து சொன்னது சுகாதார மந்திரி ஹண்டேதான். அந்த மாதிரி சேதிக்கு எவன்டா மாலை போடுவான்?

பதவி போனப்புறமும் மனுஷன் சும்மா குந்தல. கம்பராமாயணத்தை இங்கிலீஷ்ல எழுதினாரு, அம்பேத்கரும் அரசியல் சட்டமும்னு புஸ்தகம் போட்டாரு, பா.ஜ.க.வுலயும் சேர்ந்தாரு. கட்சிங்க மாறிச்சு, ஷெனாய் நகர் போர்டு மட்டும் டாக்டர்னே இருந்துச்சு. நீயும் கிளினிக் சாவியை மச்சான் கையில கொடுத்துட்டு ஜீப்புல ஏறிடாத. ஏறுறவன்தான் எலெக்‌ஷன் முடிஞ்சதும் ஷேர் ஆட்டோவுல திரும்பி வரான்.

சரி சரி, மூஞ்சியத் தூக்காத. என் ஓட்டு உனக்குத்தான்னு வச்சுக்க. இந்த முட்டிவலிக்கு ஒரு மாத்திரை எழுது, ஃபீஸ் கேட்டா ஓட்டைப் பத்தி மறுபடி யோசிப்பேன்.