நிற்கத் தெரியாதவர்கள்

வெயில் தலைகாட்டினால் போதும், மினியாபொலிஸ் ஏரிக்கரைப் பாதைகளில் இன்லைன் ஸ்கேட்டுகள் உருளத் தொடங்கும். ஐஸ் ஹாக்கி ஆடிய ஸ்காட் ஓல்சனும் தம்பி பிரென்னனும் கோடைப் பயிற்சிக்காக 1980 வாக்கில் ரோலர்பிளேடு என்ற இன்லைன் ஸ்கேட் நிறுவனத்துக்கு அடித்தளமிட்ட ஊர் அல்லவா!

புது ஆள் கடையில் முதலில் பார்ப்பது நிறம். பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை. அது பெரும்பாலும் வலது குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் கட்டை. நிற்க வேண்டுமானால் அந்தக் காலை முன்னே நீட்டி, விரல்பக்கம் தூக்கி, குதிகாலை அழுத்த வேண்டும். சரிவில் இதெல்லாம் ஞாபகம் வருவதற்குள் புல்தரை வந்துவிடும்.

புல்தரை நல்ல பிரேக்தான். செலவும் இல்லை.

1760களில் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்பவருக்கு அந்த வசதி இல்லை. சக்கரக் காலணியில் வயலின் வாசித்தபடி விருந்தில் வலம்வந்தவர், நிற்க வழியில்லாமல் விலையுயர்ந்த நிலைக்கண்ணாடியில் மோதினார் என்பார்கள். வயலினும் தப்பவில்லையாம்.