கடைசியாகக் குளிப்பவர்

புதுக்கோட்டைப் பக்கம் புது வீடு பால் காய்ச்சப் போனால் முன்பெல்லாம் பூஜை அறையைக் காட்டுவார்கள். இப்போது பாத்ரூமுக்குத்தான் முதல் மரியாதை. ஷவரைச் சுற்றி ஆளுயரக் கண்ணாடித் தடுப்பு நிற்கும். அதைப் பார்த்து ஒரு ‘அடடா’ போட்ட பிறகுதான் இலையில் உட்கார முடியும்.

எங்கள் வீட்டுக்கு அது மகனின் ஆசையால் வந்து சேர்ந்தது. “இது வெட் ஏரியா, அது டிரை ஏரியா. ஒரு சொட்டுத் தண்ணி இந்தப் பக்கம் வராது சார்” என்றார் திருச்சிக் கடைக்காரர். அவர் சொன்ன விலைக்கு என் கண்ணிலிருந்துதான் ஒரு சொட்டு வந்தது.

விலையைத் தாண்டியும் பார்க்க வேண்டியவை உண்டு. குளியலறைக்கு டஃபன்டு கண்ணாடிதான் போட வேண்டும். 8 அல்லது 10 மில்லிமீட்டர் கனம். 600 டிகிரிக்கு மேல் சூடேற்றி, காற்றடித்துச் சட்டென்று ஆற வைப்பதால் அதற்கு அந்த வலு. உடைந்தாலும் ஆளைக் கிழிக்காமல் பொடித் துண்டுகளாக உதிரும். ஆனால் பதமேற்றிய பிறகு வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். “அரை இஞ்சு முன்னப்பின்ன இருந்தா தேச்சு விட்டுக்கலாம்ணே” என்றார் கொத்தனார். அவர் சுவரோடு மட்டுமே பழகியவர்.

இந்தக் கண்ணாடிக்கு உயிர்நிலை விளிம்பு. நடுவில் குத்து விட்டால் தாங்கும். ஓரத்தில் பித்தளைச் சொம்பு பட்டால் மொத்தமும் தரையில். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே வழுக்கி விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், தூக்க வந்தவர்கள் கண்ணாடி வழியாக நலம் விசாரிக்கலாம், அவ்வளவுதான்.

கண்ணாடி, கீல், கைப்பிடி எல்லாவற்றையும் பார்த்துப் பொறுக்கலாம். தண்ணீரைப் பொறுக்க முடியாது. எங்கள் வீட்டில் குளிக்க போர்த் தண்ணீர். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் போர் அதைப் படித்ததில்லை. கண்ணாடியில் நின்ற துளி காய்ந்தால் தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு நின்றுவிடும். ஒரே வாரத்தில் தடுப்பு, அம்மை போட்ட முகமாகிவிட்டது.

இந்தச் சுண்ணாம்பைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சித்தன்னவாசல். அங்கே அறிவர் கோயில் விதானத்தில், சுண்ணாம்புப் பூச்சின் மேல் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குள ஓவியம். ஆள் பூப்பறிக்கிறார், யானை நிற்கிறது, மீன் நீந்துகிறது; யாருக்கும் நடுவே தடுப்பு இல்லை. அப்படிப் பூசிய சுண்ணாம்பு, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து கால்சியம் கார்பனேட்டாக இறுகும். என் கண்ணாடியில் இருப்பதும் அதே கால்சியம் கார்பனேட்தான். ஆயிரம் வருடம் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கும் சரக்கை நான் பழைய பனியனால் துடைத்தெடுக்கப் பார்க்கிறேன்.

துடைப்பதற்கு என் மனைவி ஒரு சட்டம் போட்டாள். கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் மேலிருந்து கீழாக இழுத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிட்டு வர வேண்டும். எட்டு மணிக்கு எழுந்துகொண்டிருந்த மகன் அன்றிலிருந்து விடியுமுன்னே குளித்துவிடுகிறான். கல்லூரிக்குப் போகும் மகள் அவனையும் முந்துகிறாள். பேப்பர் படித்துவிட்டுக் குளிக்கும் பழக்கம் உள்ள ஒரே ஆள் நான்.

புள்ளி விழுந்துவிட்டால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்து, சற்று ஊறவிட்டுத் துடைக்கலாம். எலுமிச்சைச் சாறும் கேட்கும். கக்கூஸ் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டாம். கீலின் பளபளப்பு போய்விடும். அந்த ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். பிறகு சுண்ணாம்பு உட்கார அது வசதியான இடம்.

திருவப்பூர் மாரியம்மன் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்திறங்கினார்கள். எங்கள் பாத்ரூமில் வாளிக்குழாய் இருப்பது டிரை ஏரியாவில். அத்தனை பேரும் வாளியும் மக்குமாக அங்கேயே நின்று குளித்தார்கள். வெட் ஏரியா சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. கண்ணாடியின் மேல் விளிம்பில் வேட்டியும் துண்டும் காய்ந்தன. “நல்ல கொடிதான்யா. என்ன, வெலதான் கூட” என்றார் அம்மா.

கண்ணாடிக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகத் தடித்திருந்தால் பிளாஸ்டிக் திரை போதும். அழுக்கானால் கழற்றி அலசிக்கொள்ளலாம். கண்ணாடிதான் வேண்டும் என்றால், வீட்டில் கடைசியாகக் குளிப்பவர் யார் என்று பேசி முடித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.