பத்திரம் யார் பெயரில்?

கணவர் வேறொரு பெண்ணோடு வாழ்கிறார். விவாகரத்து வாங்கினால் வீட்டில் பாதி எனக்கு வந்துவிடும்தானே?
– ஒரு வாசகி, சித்தூர்

பத்திரம் யார் பெயரில்? துரோகம் அவருடையதாக இருந்தாலும் நீதிமன்றம் முதலில் இதைத்தான் கேட்கும். 1955 இந்து திருமணச் சட்டத்தில் 'பாதிப் பங்கு' கிடையாது. 27-ஆம் பிரிவு, கல்யாணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த சீரோடு நின்றுவிடுகிறது. அவர் நடத்தை கணக்கில் வருவது 25-ஆம் பிரிவில், ஜீவனாம்சம் முடிவாகும்போது. வீட்டுக்கு உங்கள் நகையோ சம்பளமோ போயிருந்தால் அடகுச் சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். பலர் தோற்பது இங்கேதான்.

தப்பு மனைவி பக்கம். அவள் நகையை நான் ஏன் திருப்பித் தரவேண்டும்?
– ஒரு வாசகர், திருப்பதி

கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்குப் பெருமாளே இன்னும் வட்டி கட்டுகிறார் என்று நம்புகிற ஊரில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்? தவறு நிரூபணமானால் ஜீவனாம்சம் குறையலாம், நிற்கவும் செய்யலாம். சீதனம் அவளுடையதுதான். அதைத் தராமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே, பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. நாளைக்கே கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.