கழுதையைப் பறக்கவிட்டவர்

கே: கோல் அடித்துப் பழகிய கால்பந்து வீரர், ஓய்வுக்குப் பிறகு கிளப் அலுவலகத்தில் உட்கார்ந்து என்ன கிழித்துவிட முடியும்?

ப: இத்தாலியின் ஜொவான்னி சர்த்தோரியைக் கேட்கலாம். ஆனால் பேட்டி என்றாலே மனிதர் நழுவிவிடுவார்! மிலான் கிளப்பில் முன்கள வீரராக ஆடியவர்தான். பெயர் வாங்கியதென்னவோ ஆள் பிடிப்பதில். வெரோனா நகரத்து மூலையில் சில ஆயிரம் பேர் வசிக்கும் பேட்டை கியேவோ. அந்தப் பேட்டையின் கிளப்பைப் பார்த்து, 'இவர்கள் சீரி ஆ-வுக்கு (இத்தாலியின் முதல்நிலை லீக்) வந்தால் கழுதை பறக்கும்' என்று அதே நகரத்து ஹெல்லாஸ் கிளப்பின் ரசிகர்கள் நக்கலடித்தார்கள். சர்த்தோரி கியேவோவின் விளையாட்டு இயக்குநராக இருந்தபோது, 2001-ல் கழுதை பறந்தது. சீரி ஆ-வில் முதல் சீசனிலேயே 5-வது இடம். 'பறக்கும் கழுதைகள்' என்பதே கிளப்பின் செல்லப் பெயராகிவிட்டது!

பிறகு சர்த்தோரி போனது அட்டலாண்டா கிளப்புக்கு, 2022-ல் போலோன்யா கிளப்புக்கு. அங்கே காலாஃபியோரி என்ற பையனை ஸ்விட்சர்லாந்தின் பாசல் கிளப்பிலிருந்து சல்லிசாக வாங்கி, ஒரே வருஷத்தில் ஆர்சனலுக்குப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். கொத்தவால்சாவடி வியாபாரிகூட வாய் பிளப்பார். 2025-ல் போலோன்யா இத்தாலியக் கோப்பையை வென்றது, 51 வருஷங்களுக்குப் பிறகு. இறுதிப் போட்டியில் தோற்றது யார் தெரியுமா? சர்த்தோரியின் பழைய மிலான்!