சிங்கம் துப்பிய தண்ணீர்

மகன் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் டிசம்பரில் சிங்கப்பூர் பார்க்கப் போனேன். தஞ்சாவூரை நனைக்கிற அதே வடகிழக்குப் பருவமழை அங்கேயும் வந்து நின்றது. அதற்கு விசா வேண்டாம்.

"மெர்லயனைப் பார்த்தே ஆகணும்ப்பா" என்றான். பார்த்தோம். சிங்கத் தலை, மீன் உடம்பு, 1972-ல் வைத்தது, உயரம் 8.6 மீட்டர். பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வளர்ந்தவனிடம் இந்த அளவைச் சொல்லலாமா? கொட்டுகிற மழையில் அதுவும் தன் பங்குக்கு வாயால் கொட்டிக்கொண்டிருந்தது. படம் எடுத்தோம். படத்தில் இரண்டு குடைகள் நன்றாக விழுந்திருக்கின்றன.

ஊரில் காவிரித் தண்ணீருக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பே எழுதிவிட்டது. ஆனாலும் அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் மேட்டூர் நீர்மட்டத்தை ராசிபலன் மாதிரிதான் படிக்கிறோம். இங்கே ஒரு சிங்கம், ஆணையம் இல்லை, வழக்கு இல்லை, அடைமழையிலும் மதகை மூடாமல் நிற்கிறது.

ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டேன். சம்பா கதிர் வாங்குகிற நேரம்.

"வயல்ல தண்ணி வடிஞ்சுதா?"

"எங்கேங்க வடியுது? வாய்க்கால் தூர்வாரினாத்தானே! முழங்கால் மட்டும் நிக்குது. அங்க என்னங்க பார்த்தீங்க?"

"தண்ணிதான்."