நாமக்கல் சுறா

சேலத்துக்கும் கடல் கிடையாது, நாமக்கல்லுக்கும் கிடையாது. எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் அலையைப் பார்க்க நாலு மணி நேரமாவது ஆகும். அப்படியிருந்தும் எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது சுறா வளர்கிறது. ஏர் பம்ப், பிளாஸ்டிக் பாசி, வாயைத் திறந்து மூடும் முதலை பொம்மை, நடுவில் நாலு சுறா.

இவற்றை இனம் பிரித்துச் சொல்லும் வேலை சொந்தபந்தத்தில் என் தலையில் விழுந்திருக்கிறது. முக்கியமான கட்சிக்காரர் நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அக்கா வீட்டுக்காரர். முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தே நல்லது கெட்டது சொல்லிவிடுகிற மனுஷன். மீன் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் சொன்னதுதான் வேதவாக்கு.

"மாப்ள, குட்டிச் சுறா வாங்கியிருக்கேன். கடிக்குமா?"

"சுறாவா இருந்தாத்தானே மச்சான் கடிக்கும்?"

முதலில் செவுளைப் பார்க்க வேண்டும். அசல் சுறாவுக்குப் பக்கத்துக்கு ஐந்து முதல் ஏழு வெட்டுகள் திறந்தபடி இருக்கும், மூடி கிடையாது. தொட்டி மீனுக்கு ஒரே மூடி, திறந்து திறந்து மூடும். மீசையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. சில அசல் சுறாக்களுக்கும் மூக்கோரம் மீசை உண்டு. சந்தேகமே வராத சோதனை அடுப்படியில்தான். அவித்தால் மேல்தோல் மணல் மணலாக உரிந்து, உதிர்த்தால் முள்ளே இல்லாமல் குருத்தெலும்பு மட்டும் மிஞ்சினால் அது சுறா, புட்டுக்கு ஆகும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மச்சானின் அம்மா, பேத்திக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆவதை நினைத்து, பால் சுரக்கப் புட்டு வைக்கலாமா என்று தொட்டியை ஒரு பார்வை பார்த்தார்கள். "அத்தை, இது அது இல்லீங்க" என்று அவசரமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் கடைகளில் அடைமொழி இல்லாமல் 'ஷார்க்' என்றால் அது மீகாங் ஆற்றுக் கெளுத்தி. குட்டியில் பளபளவென்று, பக்கவாட்டில் கறுப்புப் பட்டையும் அதை ஒட்டி வெள்ளிக் கோடுமாக அழகாகத்தான் இருக்கும். கண்ணாடியில் விரலால் தட்டினால் போதும், மிரண்டு ஓடி எதிர்ச்சுவரில் முட்டி, மல்லாந்து, செத்ததுபோல் கிடக்கும். அக்கா பிள்ளைகள் அழத் தொடங்கியதும் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் நீந்தும். இதே மீன் 1990-களின் நடுவில் வங்கதேசம் வழியாக இந்தியக் குளங்களுக்கு வந்தது. இப்போது 'பாசா' என்று ஓட்டல்களில் ஃபிஷ் ஃபிங்கராக வருகிறது. மச்சான் அதை மயோனைஸ் தொட்டு விரும்பிச் சாப்பிடுவார். உயிரோடு இருந்தால் சுறா, தட்டில் வந்தால் பாசா.

மற்றவை பெரும்பாலும் கெண்டைச் சாதி. வெள்ளி உடம்பு, துடுப்பு ஓரமெல்லாம் கறுப்புக் கரை என்றால் பாலா ஷார்க். தொட்டிக்கு மூடி போடாவிட்டால் காலையில் சோபாவுக்கு அடியில் தேட வேண்டும். கரி உடம்பில் வால் மட்டும் சிவப்பென்றால் ரெட் டெயில். எல்லாத் துடுப்பும் சிவப்பென்றால் ரெயின்போ. இந்த இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் பங்காளித் தகராறுதான், ஒன்று மற்றதை மூலையில் ஒதுக்கிவிட்டுத்தான் ஓயும். தாய்லாந்து ஆறுகளில் ரெட் டெயில் அற்றே போய்விட்டதாக 1996-இல் பட்டியலில் ஏற்றினார்கள்; பிறகு மிச்சம் மீதி கண்ணில் பட்டது. சேலத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை, எல்லாம் பண்ணையில் பொரித்த குஞ்சு.

எனக்குப் பிடித்தது ரோஸ்லைன் ஷார்க். மூக்கிலிருந்து வால் வரை ஒரு கறுப்புக் கோடு, அதற்கு மேலே பாதி உடம்பு வரை ஒரு சிவப்புக் கோடு. மிஸ் கேரளா என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆற்றுச் சரக்கு. மெட்ராஸ் ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே 1865-இல் இதை வகைப்படுத்தி, அப்போதைய மெட்ராஸ் கவர்னர் டெனிசனின் பேரை வைத்தார். நாற்காலியில் இருப்பவர் பேரை வைக்கும் வழக்கம் நம்மூரில் நேற்று வந்ததல்ல.

போன வாரம் அக்கா போன் செய்தாள். பெரிய மீகாங் சுறா தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல் நிற்கிறதாம், காவிரியில் விட்டுவிடலாமா என்று மச்சான் கேட்கிறாராம். வெளிநாட்டு மீனை ஆற்றில் விட்டால் உள்ளூர் மீனுக்கு வினை, வேண்டவே வேண்டாம் என்றேன்.

"அப்ப குழம்பு வைக்கட்டுமா?"

"வைக்கலாம். ருசியாத்தான் இருக்கும்."

"சின்னவன் அதுக்குப் பேரு வெச்சுட்டான்டா."

ஆக, மச்சான் அஞ்சடித் தொட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். இந்த மீன் நாலடிக்கு மேலும் வளரும், 40 கிலோவையும் தாண்டும் என்பதை அக்காவிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். தொட்டி வீட்டுக்கு வந்து இறங்கியதும் அவள் சொல்லிக்கொள்வாள்.