செய்திக்குத் தப்பி சீரியலில் விழுந்தேன்

சிங்கப்பூர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

காலையில் வெயில், சாயங்காலம் மழை. இந்த ஊரில் அதற்கு மேல் வானிலை கிடையாது.

எனக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது, செய்திச் சேனலை நிறுத்துங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். விவாதத்தில் நாலு பேர் கத்தும்போது ஐந்தாவது ஆளாக நானும் கத்துவதை உங்கள் மருமகள்தான் போட்டுக்கொடுத்திருக்கிறாள். நம்மூர் எட்டு மணி விவாதம் இங்கே இரவு பத்தரைக்கு. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சுவரைத் தட்டத் தொடங்கிய பிறகு, செய்திக்கு முழுக்குப் போட்டேன். இப்போது சீரியல் மட்டும்தான்.

பாவம், டாக்டரம்மா சீரியல் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

சீரியலில் முதல் நாளே மாமனாருக்குப் பக்கவாதம். பேச்சில்லை. தலையணைக்கு அடியில் சாவிக்கொத்து. "அப்பா என்கிட்டதான் குடுக்கச் சொன்னார்" என்கிறான் மூத்தவன். "என் காதிலதான் சொன்னார்" என்கிறான் இளையவன். நான் சோபாவிலிருந்து எழுந்தே விட்டேன்: "இது எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியும்!" உங்கள் மருமகள், "இது கதைங்க, உட்காருங்க" என்றாள். மறுநாள் அந்த சீரியல் வீட்டுப் பெரிய மருமகள் ஹாலில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் கூட்டம் போட, அந்தக் கூட்டமே செல்லாது என்றாள் சின்னவள். 2022 ஜூலையில் வானகரம் மண்டபத்தில் நடந்த கட்சிப் பொதுக்குழுதான் சித்தப்பா, அச்சு அசல். உச்ச நீதிமன்றம் வரை போகாதது ஒன்றுதான் குறை. நடுவில் ஒரு நாள் மூத்தவனாக வேறொருவர் வந்து நின்றார். கீழே "இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்து ஓடியது. வேட்பாளர் மாற்றத்தை இவ்வளவு நாகரிகமாக எந்தக் கட்சியும் அறிவித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் மீன் வாங்கிவிட்டு, மேசையில் தே தாரிக்கோடு உட்கார்ந்து இதைச் சொன்னேன். மன்னார்குடிக்காரர் ஒருவர் அந்த மாமனார் வேறு கட்சித் தலைவர் என்று சத்தியம் செய்தார். காரைக்குடி அண்ணன் மூன்றாவது கட்சி என்றார். குரல் ஏறியது, தே ஆறியது. கடைசியில் பட்டுக்கோட்டை வெல்டர் தம்பி மெதுவாகச் சொன்னான்: "கட்சியெல்லாம் இல்லண்ணே, மூத்தவன் அப்படியே எங்க சூப்பர்வைசர்." அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

என் மூளைக் கோளாறு என்று நினைக்காதீர்கள். உங்கள் ஹாலில் இருப்பதே 2006 தேர்தல் வாக்குறுதியில் வந்த இலவசக் கலர் டிவிதானே! ஒரு கட்சிக்கு ஜெயா, இன்னொன்றுக்குக் கலைஞர் என்று சேனல் தொடங்கிய ஊரில் அரசியல் இல்லாத சீரியலைத் தேடினால் எங்கே கிடைக்கும்? கமல் 2017இல் சனி ஞாயிறு தோறும் பிக்பாஸ் வீட்டுப் பஞ்சாயத்தைத் தீர்த்துவைத்தார். 2018 பிப்ரவரியில் மதுரையில் கட்சியே தொடங்கிவிட்டார். ஹிந்தி சீரியலில் துளசியாக வந்த ஸ்மிருதி இரானி 2019இல் அமேதியில் ராகுலைத் தோற்கடித்தார், 2024இல் அங்கேயே தோற்றார், 2025 ஜூலையில் மறுபடி துளசியாகவே திரும்பிவிட்டார். எம்.பி. பதவிக்கு ஐந்து வருடம்தான். மாமியார் பதவிக்குக் காலக்கெடு இல்லை.

இந்த ஊர்க் கதை வேறு. புவா சூ காங் என்று ஒரு காமெடித் தொடர் வந்தது. மஞ்சள் பூட்ஸ் போட்ட கான்ட்ராக்டர், இந்த ஊர்க் கொச்சை ஆங்கிலமான சிங்கிலீஷில் வெளுத்து வாங்குவார். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள் என்று கவலைப்பட்ட அப்போதைய பிரதமர் கோ சோக் டோங், 1999 தேசிய தினப் பேரணி உரையிலேயே அந்தக் கான்ட்ராக்டர் ஆங்கிலம் ஒழுங்காகக் கற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தொடரில் அவரும் மறுபேச்சில்லாமல் வகுப்புக்குப் போனார்! கற்பனை ஆளே இங்கே அரசாங்கம் சொன்னால் கேட்கிறான். நம்மூரில் எந்த முதல்வராவது ஒரு சீரியல் மாமியாரைத் திருத்திவிட முடியுமா?

சித்தியிடம் ஒரு விண்ணப்பம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தயவுசெய்து கட்சிச் செய்தி எதுவும் போட வேண்டாம். வியாழக்கிழமை எனக்கு ஓவர்டைம், சீரியல் பார்க்க முடியவில்லை. மாமனாருக்குப் பேச்சு வந்ததா, சாவிக்கொத்து யார் கைக்குப் போனது என்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். நாட்டு நிலவரத்தை அதிலிருந்து நானே கணித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்